கூடு வென்றது, பாவு வெல்வது எப்போது?

பட்டுச் சேலையை வாங்குபவர் ஜரிகையைப் பார்க்கிறார், வண்ணத்தைப் பார்க்கிறார், விலைச் சீட்டைப் பார்க்கிறார். அந்தச் சேலையின் பாவில் எத்தனை இடத்தில் இழை அறுந்தது, எத்தனை முறை நெசவாளி தறியை நிறுத்திக் குனிந்து, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து முடி போட்டான் என்பதை அவர் அறியார். ஆரணியில் தறிக்குழியில் கால் வைத்து உட்காரும் ஒவ்வொரு பாட்டாளியும் அறிவான். கூலி சேலைக்கு உண்டு. முடி போட்ட நேரத்துக்கு இல்லை!

ஆகவேதான் இன்று பட்டுப்புழுவின் இனத்தைப் பற்றி எழுதுகிறோம். புழுவின் கவலை உழவனுக்கு, நெசவாளிக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பாவின் வலிமை கூட்டில் பிறக்கிறது. கூட்டின் குணம் புழுவின் இனத்தில் பிறக்கிறது. தறிக்காரன் கேட்க உரிமையுள்ள விஷயம் இது என்றே கூறுவோம்.

மைசூர்ச் சீமையின் பழைய நாட்டுப்புழு வெயிலைத் தாங்கும், நோயைத் தாங்கும், ஆண்டு முழுவதும் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். ஆனால் அதன் கூடு சிறிது. இழை சில நூறு மீட்டரிலேயே முடிந்துவிடும். ஆண்டுக்கு இரண்டே தலைமுறை எடுக்கும் பைவோல்டைன் இனமோ, வெள்ளை வெளேரென்ற பெரிய கூடு கட்டும்; இழை ஆயிரம் மீட்டரையும் தாண்டி ஓடும். ஆனால் குளிர் நாட்டுப் பிறவி. நம் வெயிலில் வாடிவிடும். நாட்டுத் தாயையும் அயல் தந்தையையும் சேர்த்து எடுத்த மஞ்சள் கூட்டுக் கலப்பினம்தான் நெடுங்காலம் தென்னாட்டில் கோலோச்சியது.

கலப்பினம் பெற்றோரை விஞ்சும் என்பதை ஜப்பானிய அறிஞர் டோயாமா கமெடாரோ 1906ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஜப்பான் அதைப் பிடித்துக்கொண்டு உலகச் சந்தையில் முன்னேறியது. நம் நாட்டில் 1991 முதல் அதே ஜப்பானின் ஒத்துழைப்போடு மைசூரிலுள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிறுவனம் பாடுபட்டது. பைவோல்டைனோடு பைவோல்டைனையே சேர்த்து, நம் தட்பவெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் சி.எஸ்.ஆர்.2, சி.எஸ்.ஆர்.4 கலப்பினம் வந்தது. அதன் வழியில், நான்கு இனங்களைச் சேர்த்த இரட்டைக் கலப்பினமும் வந்தது. புழுவுக்கு ஏற்ற தழையாக, எஸ்-30 என்ற இனத்தைப் பெர்ஹாம்பூர் இனத்தோடு சேர்த்து எடுத்த வி-1 மல்பெரி 1997இல் வெளியிடப்பட்டது. நீர் பாய்ச்சி முறையாக உரமிட்டால் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 24 டன்னுக்குக் குறையாமல் தழை தரும் செடி அது.

செடிக்கும் புழுவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வி-1 குச்சியை வெட்டி நட்டால் தாய்ச்செடியின் குணம் மாறாது. கலப்பினப் புழுவின் முட்டையை உழவன் வீட்டில் சேர்த்து வைக்க முடியாது. அடுத்த தலைமுறையில் வீரியம் சிதறிப்போகும். ஒவ்வொரு முறையும் வித்தகத்தில்தான் முட்டை வாங்க வேண்டும். தாய் அந்துப்பூச்சியை உருப்பெருக்கியில் சோதித்து, பெப்ரின் நோய் இல்லையென்று கண்ட பிறகே முட்டையைக் கொடுக்க வேண்டும். 1865இல் பிரான்சின் பட்டுத் தொழிலைக் காக்கச் சென்ற லூயி பாஸ்டர் காட்டிய வழி அது. ஆகவே வித்தகம் ஒழுங்காக நடப்பதும் நடக்காததும் உழவனின் கையில் இல்லை. ஆட்சியின் கையில் இருக்கிறது.

வளர்ப்பும் எளிதல்ல. முட்டை பொரித்ததிலிருந்து கூடு கட்டும் வரை ஏறத்தாழ 25 நாள். அதற்குள் நான்கு முறை தோலுரிப்பு. இளம்புழுவுக்கு 26 முதல் 28 டிகிரி வெப்பமும் மிகுந்த ஈரமும் வேண்டும். வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். தழையில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்தில்தான் தின்னும். அப்போது தழை குறைந்தால் கூடு மெலிந்துவிடும். மருந்து தெளித்துச் சுத்தம் செய்த தனி மனை, ஊசி ஈ நுழையாத வலை இரண்டும் வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்துக் கோடையில் இதையெல்லாம் செய்வதென்றால் கையில் முதல் வேண்டாமா? வெயில் காலத்தில் பழைய கலப்பினத்தையே வளர்க்கும் உழவனைக் குறை கூற மாட்டோம்.

பாடுபட்டால் பலன் உண்டு. நூறு முட்டைத் தொகுதிக்கு 60, 70 கிலோ கூடு எடுக்கும் உழவர்கள் இருக்கிறார்கள். பழைய கலப்பினத்தில் ஒரு கிலோ கச்சாப் பட்டு எடுக்க ஏழரை, எட்டுக் கிலோ கூடு வேண்டும். வெண்கூட்டில் ஆறு, ஆறரைக் கிலோ போதும். அந்தப் பட்டு ஒரே சீராக ஓடும், முறுக்குத் தாங்கும், பாவில் இழுபட்டாலும் எளிதில் அறாது. வெண்பட்டு உற்பத்தியில் தமிழ்நாடு இந்திய மாநிலங்களின் முன்வரிசையில் நிற்கிறது. மகிழ்ச்சிதான்!

ஆனால் அந்தப் பட்டு ஆரணி நெசவாளியின் பாவுக்கு வரும் வழி எப்படி இருக்கிறது? கூடு தர்மபுரியில் ஏலம் போகிறது, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இல்லையேல் கன்னடச் சீமையின் ராமநகரத்தில் விலை போகிறது. நூற்பது ஓரிடம்; முறுக்குவது ஓரிடம்; சாயம் ஏற்றுவது வேறோரிடம். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு லாபம் ஏறுகிறது. கூட்டு விலை சரிந்தால் உழவன் செடியைப் பிடுங்குகிறான். பட்டு விலை ஏறினால் முதலாளி பாவைக் குறைக்கிறான், தறி சும்மா கிடக்கிறது. இரண்டு முனையிலும் அடி வாங்குகிறவன் உழைப்பாளி! நடுவிலே நிற்பவனுக்கு ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம்!

நாம் கேட்பது நான்கு. ஆரணி வட்டாரத்திலேயே கூட்டுறவு முறையில் தானியங்கி நூற்பாலையும் முறுக்காலையும் வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரம் பிரித்துச் சான்றிட்ட வெண்பட்டை, ஆறு மாதத்துக்கேனும் மாறாத விலையில் கொடுக்க வேண்டும். கூடு வளர்ப்பவனுக்கு அடிப்படை விலை ஒன்றை உறுதி செய்ய வேண்டும். மட்டமான பாவைக் கொடுத்து நெய்யச் சொன்னால், இழை அறும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கணக்கிட வேண்டும்.

நான்காவது கோரிக்கையைத் தோழர்கள் வற்புறுத்திப் பேச வேண்டும். மட்டப் பட்டின் நட்டம் இன்று நெசவாளியின் முதுகில் மட்டுமே விழுகிறது. அது பாவு கொடுப்பவரின் கணக்கிலும் ஏறட்டும். பிறகு நல்ல பட்டு எங்கே கிடைக்கும் என்று அவரே தேடி அலைவார்!

ஆய்வுக்கூடத்தில் அறிஞர் வென்றார். மனையில் உழவன் வென்றான். அந்த வெற்றி தறிக்குழிக்கு இன்னும் வந்து சேரவில்லை. வந்து சேரும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.