கட்டளைவரி அறியாதான் காவலன் ஆவனோ?

இணைய வழங்கிகளைக் காக்கும் பொறுப்பேற்றோருள் ஒருசாரார், 'வண்ணப் பலகையில் பொத்தானை அழுத்தினாற் போதும். கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது பழங்கால வழக்கம்' என்று பெருமிதத்துடன் பேசித் திரிகின்றனர். அப் பேச்சு வெறும் அறியாமை அன்று. பிறர் நம்பி ஒப்படைத்த உடைமையைக் கேட்பாரற்று விடும் பொறுப்பின்மை!

பலகை, அதை வனைந்தவன் எதைக் காட்ட எண்ணினானோ அதையே காட்டும். கட்டளைவரியோ நாம் கேட்டதைக் காட்டும். ஆகலின், கேட்கத் தெரியாதவன் காட்டியதை நம்பியே காலந்தள்ள வேண்டியவன் ஆகின்றான்.

கேட்க வேண்டியவை பலவல்ல. 'அப்டைம்' என்னும் கட்டளை, கடந்த 1, 5, 15 மணித்துளிகளின் நிரவலான சுமையை மூன்று எண்களாகத் தரும். முதலெண் மூன்றாவதினும் மிக்கிருப்பின் சுமை ஏறுகின்றது, குறைந்திருப்பின் இறங்குகின்றது. 'டிஎஃப்' என்னும் கட்டளை வட்டில் எஞ்சிய இடத்தைக் காட்டும். வட்டு நிரம்பினால் தரவுத்தளம் எழுத இயலாது திணறும். நிரப்பியது பெரும்பாலும் வழங்கி தானே எழுதிக் குவித்த பதிகையாகவே இருக்கும். அப் பதிகையை அழித்தவுடன் இடம் மீண்டுவிடும் என்று நினைப்பதும் பிழை. வழங்கி அதனைத் திறந்து வைத்திருக்குமளவும் இடம் மீளாது. இந் நுட்பத்தை எந்தப் பொத்தான் கற்பிக்கும்? 'டெயில்' என்னும் கட்டளையோ பதிகையின் கடைசி வரிகளைக் கண்முன் ஓட விடும். 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை. 500 என்றால் வழங்கியின் உள்ளேயே கோளாறு. 502 என்றால் பின்னின்று விடைதர வேண்டிய நிரல் ஒழுங்காக விடை தரவில்லை. வழங்கி தன் நோயைத் தானே எழுதி வைக்கின்றது. படிப்பார்தாம் இல்லை!

படியாமையின் விளைவு யாது? 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈக்குவிஃபாக்சு நிறுவனத்திற்கு நேர்ந்ததைக் காண்க. அப்பாச்சி சிட்ரட்சு என்னும் மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே வெளிவந்துவிட்டது. அதை இட்டுக்கொள்ளாத வழங்கியின் வழியாக மே திங்களிற் புகுந்த கள்வர், சூலை இறுதிவரை உள்ளேயே உலவி, 14 கோடிக்கும் மேற்பட்ட மக்களின் தன்குறிப்புகளைக் கவர்ந்தனர். போக்குவரத்தை ஆராயுங் கருவி இல்லாமலில்லை. அதன் சான்றிதழ் காலங்கடந்து போனமையாற் பல திங்களாகக் குருடாய்க் கிடந்தது. சான்றிதழைப் புதுப்பித்தவுடன் களவு கண்ணிற் பட்டது! சான்றிதழின் இறுதிநாளைச் சொல்ல 'ஓப்பன்எசுஎசுஎல்' கட்டளை ஒருவரி போதுமே!

'ஒரு வரி தவறினால் எல்லாம் அழியுமே' என்பர் சிலர். உண்மையே. 2017 சனவரி 31ஆம் நாள் கிட்லேபு நிறுவனப் பொறியாளர் ஒருவர், வேறொரு வழங்கியில் இருப்பதாக எண்ணித் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். ஏறத்தாழ 6 மணிநேரத் தரவு மீளவில்லை. ஆயின், நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்புப்படி எடுக்கப்படாமலே இருந்ததும், அத் தவற்றை உரைக்கும் மடல்கள் வந்து சேராமற் போனதும் அன்றே வெளிப்பட்டன. கத்தி கையை அறுக்கும் என்று சமையலைக் கைவிடுவார் உண்டோ? எந்த வழங்கியில் நிற்கின்றோம் என்று பார்த்தபின் தட்டுதலும், காப்புப்படியை மீட்டுப் பார்த்தலுமே வேண்டுவன.

'அவை ஆங்கிலக் கட்டளைகள். நமக்கு வாரா' என்பது இன்னுமொரு சாக்கு. 'டிஎஃப்' என்பதும் 'கிரெப்' என்பதும் எவ்வாங்கிலேயன் வீட்டில் வழங்குஞ் சொற்கள்? 'ஆக்' என்பது அதனை ஆக்கிய மூவர் பெயர்களின் முதலெழுத்துக் கோவை. ஆங்கிலேயனும் அவற்றைப் புதிதாய்க் கற்றே ஆகவேண்டும். தொடக்கக் கோடு அனைவர்க்கும் ஒன்றே. 1992இல் உருவான யுடிஎஃப்-8 குறியேற்றத்தால், தமிழ்ச் சொல்லைக் கொடுத்தாலும் 'கிரெப்' தேடித் தரும். தடை மொழியில் இல்லை; மடியில் இருக்கின்றது!

எனவே, வழங்கியைக் காப்போரே! நாள்தோறும் காலையில் சுமை, வட்டு, பதிகை, சான்றிதழ், காப்புப்படி ஆகிய ஐந்தையும் நும் கையாலேயே கேளுங்கள். ஐந்து மணித்துளிகளுக்கு மேல் ஆகா. கள்வன் கட்டளை கற்றே வருகின்றான். காவலன் கல்லாதிருத்தல் காவல் ஆகுமோ? கற்க! காண்க! காக்க!