மேய்ப்பன் கத்திக்கு எதற்குக் கொலைப் பட்டம்?

கார்சிகா தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஞாபகார்த்தமாக வாங்கி வரும் மடக்குக் கத்தி ஒன்று உண்டு. பெயர் 'வெண்டெட்டா'. பழிக்குப் பழி என்று அர்த்தம். குத்துவாள் மாதிரி ஒல்லியான அலகு, அதில் எதிரி பிழைக்கவே கூடாது என்கிற தொனியில் ஒரு வாசகம். அந்தக் காலத்து ஆட்டிடையர்களின் கத்தி என்று கதை வேறு. நாமும் வாய் பிளந்து கேட்டு, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறோம்.

அபாண்டம் சாமி, அபாண்டம்!

கார்சிகா இடையனின் கத்தி 'குர்னிச்சோலு'. ஆட்டுக் கொம்பில் கைப்பிடி போட்ட எளிய கத்தி. ரொட்டி, பாலாடைக்கட்டி நறுக்க, குச்சி சீவ, கயிறு அறுக்க. அவ்வளவுதான். பிறகு வெண்டெட்டா எப்படி வந்தது? 1840-ல் ப்ராஸ்பர் மெரிமே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் கார்சிகாவின் பழிவாங்கலை வைத்து 'கொலொம்பா' எழுதினார். கதையில் மயங்கிய பயணிகள் வந்து குவிந்தார்கள். அவர்கள் தலையில் கட்டுவதற்காக, கடல் தாண்டி பிரான்சின் தியேர் நகரத்துப் பட்டறைகளில் இந்தக் கத்திகளைச் செய்து தள்ளினார்கள். ரொட்டி வெட்டுகிற கத்தி என்றால் யார் வாங்குவார்? கொலைகாரன் கத்தி என்றால்தானே காசு!

சுமார் 12 கி.மீ. கடலைத் தாண்டினால் சார்டினியா. மனிதர்கள் சுமார் 16 லட்சம், செம்மறி ஆடுகள் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கே கத்திக்கு ஊர்ப் பெயர்தான். பட்டாடா ஊரின் 'ரெசோல்சா' மிர்ட்டில் இலை வடிவத்தில் இருக்கும். அர்புஸ் ஊர்க் கத்திக்கு வயிறு அகலம், தோல் உரிக்க வாகாக. பழைய ரெசோல்சாவில் விரித்த அலகைப் பிடித்து நிறுத்தப் பூட்டே கிடையாது. அதை வைத்து ஒருவனை ஓங்கிக் குத்தினால் அலகு மடங்கிக் குத்தியவன் விரலைத்தான் பதம் பார்க்கும். கொலைக்கென்று செய்கிறவன் இப்படியா செய்வான்?

"அப்படியானால் கார்சிகாவில் பழிவாங்கலே நடக்கவில்லையா?" என்பீர்கள். நடந்தது. ஆயுதம் ஏந்துவதற்கே 1853-ல் பிரெஞ்சு அரசு அங்கே தடை போட்டது. அது குடும்பப் பகையின் வரலாறு. அதைத் தூக்கி, மலையில் ஆடு மேய்த்தவனின் சாப்பாட்டுக் கத்தி மேல் எழுதி வைப்பது வியாபாரம். ஒரு தொழிலையே கொலைத் தொழிலாகக் காட்டி விற்கிற வியாபாரம்.

சார்டினியாவில் ஒருவருக்குக் கத்தி பரிசளித்தால், வாங்கியவர் பதிலுக்கு ஒரு சில்லறைக் காசாவது கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கத்தி நட்பை அறுத்துவிடுமாம். அந்தப் பக்கத்து மனிதர்கள் கத்தியைப் பற்றி நினைத்தது இதுதான்.

அடுத்த முறை போனால் அலகை அடித்தது யார், எந்த ஊர்ப் பட்டறை என்று கேளுங்கள். அந்தத் தீவுகளில் இன்றும் கையால் கத்தி செய்கிற கொல்லர்கள் இருக்கிறார்கள். காசை அவர்களுக்குக் கொடுங்கள், கொலைக் கதைக்கு வேண்டாம்.