திரையில் ஓடும் காருக்கும் ஜென்மி உண்டு

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிற்று. அன்று வரையப்பட்ட கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே செல்கிறது. சந்தையும் சம்பந்தமும் திருவிழாவும் அந்தக் கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. சட்டம் மட்டும் அங்கே நின்றுவிடுகிறது. லாட்டரியைக் கேரள அரசு 1967 முதல் தானே நடத்துகிறது; தமிழ்நாட்டில் அது 2003 முதல் தடை செய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்திலும் இதுவே நிகழ்ந்தது. பணம் வைத்து ஆடும் இணையவழி ரம்மியைக் கேரள அரசு 2021 பிப்ரவரியில் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. தமிழ்நாட்டின் தடைச் சட்டமோ, ஆளுநர் திருப்பியனுப்பிப் பேரவை மீண்டும் நிறைவேற்றிய பின், 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்கும் அத்தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை, களியக்காவிளையில் குற்றமாக இருந்த ஆட்டம் அடுத்த ஊரான பாறசாலையில் குற்றமாக இருக்கவில்லை.

2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற ஒன்றிய அரசின் இணையவழி விளையாட்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே கோட்டை வரைந்தது. பணயம் வைக்கும் ஆட்டங்களை நடத்துவோருக்கு மூன்றாண்டுச் சிறையும் ஒரு கோடி ரூபாய் அபராதமும் வரை தண்டனை உண்டு. பல குடும்பங்களைச் சீரழித்த சூதாட்ட வணிகத்துக்குக் கடிவாளம் போடுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே சட்டம் மின்விளையாட்டையும் சமூக ஆட்டங்களையும் ஊக்குவிக்க வேண்டியவை என்று வகைப்படுத்துகிறது. சந்தாவும் நுழைவுக் கட்டணமும், அவை பணயமாக இல்லாதவரை, அனுமதிக்கப்படுகின்றன. பணயம் தீது, ஏனைய வருவாய் நன்று என்பதே இதன் தத்துவம். இந்தத் தத்துவம் எங்கே தடுமாறுகிறது என்பதைக் கார்ப் பந்தய வீடியோ ஆட்டங்களைப் போல் தெளிவாகக் காட்டும் துறை வேறில்லை.

பணயமின்றிப் பணம் பறிக்கும் வழி

எல்லைக் கிராமங்களின் இளைஞர்களுக்குப் பந்தய ஆட்டம் என்பது பெரும்பாலும் கைபேசி ஆட்டமே. பிரெஞ்சு நிறுவனமான கேம்லாஃப்ட் வெளியிடும் 'அஸ்பால்ட்' வரிசையில் ஆட்டம் இலவசம். காரைத் திறப்பதற்கான வரைபடத் துண்டுகளோ மூடிய பொதிகளில் வரும். எந்தப் பொதியில் எது வரும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. காத்திருக்கப் பொறுமையற்றவர் பணம் கொடுக்கலாம். வென்றதைப் பணமாக்க முடியாது என்பதால் இது சூதாட்டமாகக் கருதப்படுவதில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவன என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-லேயே அறிவித்தது. இந்தியச் சட்டம் இந்தக் கேள்வியை நேரடியாக எதிர்கொள்ளவில்லை.

முழு விலை கொடுத்து வாங்கும் ஆட்டத்திலும் நிலை வேறல்ல. சோனியின் 'கிரான் டுரிஸ்மோ 7' 2022 மார்ச்சில் வெளிவந்த சில வாரங்களுக்குள், பந்தயங்களில் கிடைக்கும் பரிசுத் தொகை குறைக்கப்பட்டது. உழைத்துச் சேர்ப்பதைவிடப் பணம் கொடுத்து வாங்குவதே எளிது என்ற நிலை பிறந்தது. ஆட்டக்காரர்களின் சீற்றத்துக்குப் பின்னரே நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பரிசுகளை உயர்த்தியது. மெய்நிகர்ப் பந்தயக்காரர்கள் போற்றும் 'ஐரேசிங்'கில் மாதச் சந்தா தனி. காருக்கும் பந்தயத் தடத்துக்கும் விலை தனி. சந்தா நின்றால், விலை கொடுத்து வாங்கிய காரும் ஓடாது.

இதன் உச்சம் 'தி க்ரூ'. பிரான்சின் யூபிசாஃப்ட் 2014-ல் விற்ற இந்தக் கார்ப் பந்தய ஆட்டத்தின் வழங்கிகள் 2024 மார்ச் 31 அன்று மூடப்பட்டன. தனியாக ஆடுவதற்கும் அந்த வழங்கிகளே தேவைப்பட்டதால், காசு கொடுத்து வாங்கியவர் கையில் எதுவும் எஞ்சவில்லை. உரிமமும் பறிக்கப்பட்டது. 'ஆட்டங்களைக் கொல்வதை நிறுத்துக' என்ற இயக்கம் இதிலிருந்து பிறந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது.

வழங்கியை என்றென்றும் நடத்தச் செலவாகாதா என்று கேட்பர். என்றென்றும் நடத்துமாறு எவரும் கோரவில்லை. மூடும்போது, இணையமின்றியோ தமது சொந்த வழங்கியிலோ ஆடும் வழியை விட்டுச்செல்லுமாறே கோருகின்றனர். எதிர்ப்பு வலுத்த பின்னர், அதே யூபிசாஃப்ட் 'தி க்ரூ 2'-க்கு இணையமின்றி ஆடும் வசதியைச் செய்து கொடுத்தது. முடியாது என்பது நுட்பச் சிக்கலன்று, இலாபக் கணக்கே என்பது அத்துடன் வெளிப்பட்டது.

யாருடைய தடம்?

அன்றாடப் பந்தயத்தில் விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் பொறுப்பு. மெய்நிகர்ப் பந்தயத்தில் சாலையே வேறொருவரின் சொத்து. 2023 ஜனவரியில் நடந்த மெய்நிகர் லெ மான் 24 மணிநேரப் பந்தயம் வழங்கிக் கோளாறுகளால் இருமுறை நிறுத்தப்பட்டது. முன்னிலையில் இருந்த உலகச் சாம்பியன் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனே தொடர்பறுந்து வெளியேறினார். அதன் பின்னணியில் இருந்த மோட்டார்ஸ்போர்ட் கேம்ஸ் நிறுவனம் அந்த ஆண்டிலேயே தன் ஊழியர்களில் கணிசமானோரை வேலையிலிருந்து நீக்கியது.

மறுபுறம் மூலதனம் குவிகிறது. ஃபார்முலா ஒன் ஆட்டங்களை உருவாக்கும் கோட்மாஸ்டர்ஸை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2021-ல் 120 கோடி டாலருக்கு விழுங்கியது. 2025-ல் அதன் ராலி ஆட்டங்களின் ஆக்கத்தை நிறுத்தியது. அந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸையே 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. வாங்குவோர் சவூதி அரசின் முதலீட்டு நிதியம், சில்வர் லேக், டிரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் நிறுவனம் ஆகியோர். விலையில் 2,000 கோடி டாலர் கடனாகத் திரட்டப்படுகிறது. அந்தக் கடனை யாருடைய வேலையை வெட்டி அடைப்பார்கள் என்ற கேள்வியை அமெரிக்காவின் வீடியோ ஆட்டத் தொழிலாளர் சங்கம் எழுப்பியுள்ளது.

1957-இன் பாடம்

இந்த உறவின் வடிவம் கேரள மண்ணுக்குப் புதிதன்று. ஆண்டாண்டாய் உழைத்துப் பண்படுத்திய நிலத்திலிருந்து உழவனை ஒரு சொல்லில் வெளியேற்றும் உரிமை ஜென்மிக்கு இருந்தது. 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற இ.எம்.எஸ். அமைச்சரவை, ஒரு வாரத்துக்குள் அந்த வெளியேற்றத்தைத் தடுக்கும் அவசரச் சட்டத்தைக் கொணர்ந்தது. நிலமிழந்த உழவனின் துயரையும் ஆட்டமிழந்த இளைஞனின் ஏமாற்றத்தையும் ஒரே தராசில் வைப்பது அபத்தம். ஆயினும் விலையை வாங்கிக்கொண்டு உடைமையை மறுப்பதும், விரும்பும்போது வெளியேற்றுவதும் ஒரே சுரண்டல் முறையின் இரு தோற்றங்களே. இன்று ஆட்டத்தில் தழைக்கும் இம்முறை நாளை உழவுக் கருவியிலும் பாடநூலிலும் வேரூன்றும்.

ஆட்டத்தைப் பழிப்பதோ, கைபேசியைப் பிடுங்குவதோ இடதுசாரி இயக்கத்தின் மறுமொழியாக இருக்க முடியாது. இளைஞர் ஆடட்டும், ஆனால் குத்தகையாளராக அல்ல. விற்ற ஆட்டத்தை முடக்கத் தடை, சிறார் ஆட்டங்களில் அதிர்ஷ்டப் பொதிகளுக்குத் தடை, மின்விளையாட்டுப் போட்டிகளில் விதிகளையும் வருவாய்ப் பங்கையும் வெளிப்படையாக்கும் கட்டாயம் ஆகிய மூன்றும் ஒன்றியச் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கையை இளைஞர், மாணவர் அமைப்புகள் முன்னெடுக்க வேண்டும்.

கோரிக்கையோடு மாற்றும் கண்முன் இருக்க வேண்டும். அதற்கான கருவிகள் பாறசாலைக்கு அருகிலேயே உள்ளன. 2023 ஜூன் 5 அன்று இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய கே-ஃபோன், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை இலக்காகக் கொண்டது. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் நெடுங்காலமாகவே கட்டற்ற மென்பொருளில் பயிற்றுவிக்கின்றன. 1945-ல் பி.என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய நூலக இயக்கம் ஊர்தோறும் வாசகசாலைகளை விட்டுச்சென்றிருக்கிறது. 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்ற கார்ப் பந்தய ஆட்டம் கட்டற்ற மென்பொருள்; அதற்கு விலையில்லை, அதிர்ஷ்டப் பொதி இல்லை, வழங்கியை எவரும் தம் கணினியிலேயே நிறுவலாம், நிரலைத் திறந்து கற்கலாம், மாற்றலாம். அதன் பொலிவு பெருநிறுவன ஆட்டங்களுக்கு ஈடாகாதுதான். ஆனால் அதை எவராலும் மூடிவிட முடியாது.

பாறசாலையின் ஒரு வாசகசாலையும் களியக்காவிளையின் ஒரு படிப்பகமும் இணைந்து, இரு மொழிகளிலும் அறிவித்து, இத்தகைய பந்தயமொன்றை நடத்துவதற்குப் பெரும் நிதி தேவையில்லை. நான்கைந்து பழைய கணினிகளும் ஒரு வாரயிறுதியும் போதும். பந்தயம் முடிந்தபின், அந்தத் தடம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அங்கு வரும் இளைஞர்களிடம் எழுப்புவது எளிதாகும்.