ஈட்டை ஈகையாக்கும் சொற்கள்

உதவி என்னும் ஒரு கருத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்! எல்ப்பு, எய்டு, அசிசுட்டன்சு, சப்போர்ட்டு, ரிலீபு, சப்சிடி என அடுக்கிக் காட்டி, "தமிழில் இத்துணைச் சொற்கள் உண்டோ?" என்று எள்ளி வினவுவார் உளர். வினவுவோர் அச்சொற்களின் பிறப்பை அறியார். இவற்றுள் எல்ப்பு ஒன்றே ஆங்கிலத்தின் சொந்தக் குடிப்பிறப்பு. ஏனைய ஐந்தும் இலத்தீன் வேரின. அசிசுட்டன்சு என்பதன் வேர்ப்பொருள் அருகில் நிற்றல். சப்போர்ட்டு என்பது கீழிருந்து சுமத்தல். ரிலீபு என்பது தூக்கிச் சுமை குறைத்தல். சப்சிடி என்பதோ போர்க்களத்தின் பின்னே அமர்த்தப்பெற்ற துணைப்படையைக் குறித்த சொல்லினின்று வந்தது. கடன்வாங்கிய சொற்களையும் ஒன்றோடொன்று கலவாமல், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பணிக்கு நிறுத்திக்கொண்டமையே ஆங்கிலத்தின் திறம்.

தமிழ் கடன்வாங்காமலே இத்திறம் பெற்ற மொழி. அருகில் நிற்பது துணை. கீழிருந்து சுமப்பது தாங்கல். சாயும் சுவருக்குக் கொடுப்பது முட்டு. தளர்ந்தவன் பற்றி எழுவது பற்றுக்கோடு. வெள்ளத்தில் அமிழாது காப்பது புணை. துன்பம் நீக்கிக் காப்பது களைகண். இல்லார்க்கு ஒன்று தருவது ஈகை. வள்ளுவர் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும், ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் வேறு பிரித்து வைத்தார். ஊரோடு ஒத்து வாழ்வான் ஆற்றும் கடப்பாடு வேறு. வறியார்க்கு இரங்கிக் கொடுத்தல் வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க அவர் உளம் ஒப்பவில்லை.

நூலறிவு வேண்டா, தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரத்துக் கரிசற்காட்டிற்குச் சென்று கேட்டாலும் இவ்வுண்மை விளங்கும். வட்டியின்றி வாங்கிச் சில நாளில் திருப்புவது கைமாற்று. வட்டியொடு திருப்புவது கடன். ஒரு வீட்டு விழாவில் எழுதி, மறு வீட்டு விழாவில் ஈடு செய்வது மொய். இம்மூன்றையும் அவ்வூர்ச் சிறுவனும் குழப்பிக்கொள்ளான். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலிற் பிறந்த கி. இராசநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கியதும், உழவன் வாய்ச்சொல்லுக்குள்ள இந்நுட்பம் அழிந்துபடலாகாது என்பதற்கே அன்றோ?

ஆகவே, குழப்பம் ஊரில் இல்லை. அலுவலகத் தாளில் உள்ளது.

2023 திசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பேய்மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தையே நோக்கி நிற்கும் கரிசல் உழவரின் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் மிளகாயும் நீரில் நின்று அழுகின. இத்தகைய இழப்புக்கு இந்திய ஒன்றிய அரசு 2022-23 முதல் 2025-26 முடிய வகுத்த நெறிமுறையில் ஓர் அளவு உண்டு. பயிரிழப்பு 33 விழுக்காடும் அதற்கு மேலுமாயின், வானவாரி (மானாவாரி) நிலத்துக்கு எக்டேருக்கு 8,500 உருபா; உறுதியான பாசன நிலத்துக்கு 17,000 உருபா. வானவாரி உழவனுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 3,440 உருபா என்பதே இதன் பொருள். ஒருவருக்கு இரண்டு எக்டேர் என்பது மேல்வரம்பு.

இத்தொகைக்கு அந்நெறிமுறை இட்ட பெயர் யாது? இடுபொருள் மானியம்! விதையும் உரமும் வாங்கத் தந்த சலுகை போன்ற பெயர். செய்தித்தாளில் இதுவே வெள்ள நிவாரணம். மேடைப் பேச்சில் அரசின் உதவி. அழிந்த பயிர்க்கு ஈடு என்னும் உண்மை மட்டும் எப்பெயரிலும் இல்லை. மானியம் என்னும் வடசொல்லோ, மன்னன் ஒருவனை மதித்து வரிநீக்கி வழங்கிய நிலத்தைக் குறித்துவந்த சொல். மன்னன் போனான், மன்னன் அருளால் பெறுவது என்னும் மணம் அச்சொல்லை விட்டுப் போகவில்லை.

இதனினும் கொடுமை பயிர்க்காப்பீட்டில் நிகழ்கின்றது. 2016இல் தொடங்கிய தலைமையமைச்சர் பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில், பின்பருவ உணவுப்பயிருக்குக் காப்புத் தொகையில் 1.5 விழுக்காடும், பருத்தி, மிளகாய் போன்ற பணப்பயிருக்கு 5 விழுக்காடு வரையிலும் உழவன் தன் கைப்பணத்தைக் கட்டுகிறான். எஞ்சிய கட்டணத்தை அரசுகள் மக்கள் வரிப்பணத்தினின்று செலுத்துகின்றன. இழப்பு நேர்ந்தபின் வரும் பணம் அவன் விலைகொடுத்து வாங்கிய காப்பின் பயன். அதனையும் நிவாரணம் என்றே அழைத்தால், கடையிற் காசு கொடுத்து அரிசி வாங்கினவனை ஐயமேற்றான் என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

"பசித்தவனுக்குப் பணம் வேண்டும், சொல்லா வேண்டும்?" என்று கேட்பார் கேட்கட்டும். பணம் குறையும்போதும், காலந்தாழும்போதும், பெயர் விடுபடும்போதும் சொல்லின் வலிமை தெரியும். நிவாரணம் என்றெழுதிய தாளை ஏந்தியவன் கும்பிட்டு நிற்பான். இழப்பீடு என்றெழுதிய தாளை ஏந்தியவன் கணக்குக் கேட்பான். கும்பிடுபவனை நாளை வா எனலாம். கணக்குக் கேட்பவனுக்கு விடைசொல்லியாக வேண்டும்.

சொற்கள் புதிதாய் ஆக்கவும் வேண்டா. பயிரழிவுக்கும் காப்பீட்டுக்கும் இழப்பீடு. உடனடி உணவும் உறைவிடமும் தருவது இடருதவி. திருப்ப வேண்டாத அரசுப்பணம் நல்கை. விலை சரியாது காப்பது தாங்குவிலை. திருப்ப வேண்டியது கடன். இவ்வைந்தையும் அரசாணையிலும் வட்டாட்சியர் அலுவலகத் தாளிலும் கூட்டுறவுக் கழகப் பற்றுச்சீட்டிலும் பிரித்தெழுதச் செய்தல் தமிழார்வலர் கடமை. ஊர்தோறும் படித்த இளைஞர் ஒருவர், உழவர் பெறும் தாளை வாங்கி, "ஐயா, இது கொடையன்று, நும் ஈடு" என்று படித்துச் சொன்னாலே போதும். தனித்தமிழ்ப் பணி புலவர் மன்றத்தினின்று கரிசல் வரப்புக்கு இறங்கிவிடும்.