அவர்கள் ஏன் நம்மிடம் வரவில்லை?

தென்காசிக்கு அருகே, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் மீனாட்சிபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் அவ்வூர்த் தலித் மக்களுள் ஏறத்தாழ 180 குடும்பத்தினர் இஸ்லாத்தைத் தழுவினர். நாடே பரபரப்புற்றது. வெளிநாட்டுப் பணமே காரணம் என்றனர் சிலர். தங்களை மனிதராக மதிக்கும் ஓரிடத்தைத் தேடியதாகவே அம்மக்களுள் பலர் கூறினர்.

அன்பு வாசகர்களே, அந்நிகழ்ச்சி நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. சகோதரத்துவத்தைத் தேடிய அம்மக்கள் நம்மிடம் ஏன் வரவில்லை? எண்ணிக்கையில் ஆள் சேரவில்லையே என்ற ஆதங்கத்தால் இதைக் கேட்கவில்லை. நம் சாட்சியம் எங்கே போயிற்று என்றே கேட்கிறோம்.

சட்டத்தின்மேல் பழி போட இயலாது. பட்டியல் சாதியினருக்குரிய சலுகைகளை 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவருக்கு மறுப்பது போலவே இஸ்லாமியருக்கும் மறுக்கிறது. அவ்விழப்பையும் மீறியே அவர்கள் சென்றனர்.

விடை வேண்டுவோர் வடக்கன்குளத்தைப் பார்க்கட்டும். 1872-இல் அங்கு எழுந்த திருக்குடும்ப ஆலயத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரு கூடங்கள், சாதிக்கொரு கூடம், நடுவே சுவர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் பிற சமயத்தார் அல்லர். நற்கருணை உட்கொண்ட கத்தோலிக்கர்! "அது பழங்கதை" என்பீர்களோ? 2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், தலித் பள்ளிச் சிறுவர்க்குத் தின்பண்டம் விற்க மறுக்கப்பட்டதை நாடு கண்டது. அந்தக் காற்றைத்தான் நாமும் சுவாசிக்கிறோம். அது ஆலய வாசலில் நின்றுவிடுவதில்லை.

நாம் செபிக்கவில்லையா? நவநாளுக்கும் செபமாலைக்கும் குறைவில்லை. ஆனால் ஆண்டவர் கற்பித்த செபத்தில் தந்தையை 'எங்கள்' என்றே அழைக்கிறோம், 'என்' என்றல்ல. தேர் எந்தத் தெருவில் திரும்பவேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்யும் ஊரில் அந்த 'எங்கள்' யாரைக் குறிக்கிறது?

கீழ்ப்படியவில்லையா? நோன்பு நாளில் கீழ்ப்படிகிறோம். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்களுக்கு எதிரான பாகுபாடு திருச்சபைக்குள்ளும் உள்ளதென ஒப்புக்கொண்டு, அதை அகற்றக் கொள்கை வகுத்தது. அதை எத்தனைப் பங்குகளில் வாசித்தோம்? மணமக்கள் விளம்பரத்தில் 'ஆர்.சி.' என்று எழுதிய கையோடு சாதிப் பெயரையும் எழுதுகிறோமே, அது எந்த ஆயரின் சொல்லுக்குக் கீழ்ப்படிதல்?

தியாகம் செய்யவில்லையா? வேளாங்கண்ணிக்குக் கால் கொப்பளிக்க நடக்கிறோம். கால் நோவது தாங்கக்கூடியது. கௌரவம் நோவதுதான் தாங்க முடிவதில்லை. 1745-இல் அதே வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன், தேவசகாயமாகி, தாழ்ந்தோர் எனப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். அரண்மனைப் பதவி போயிற்று. 1749-இல் விலங்கு பூட்டப்பட்டது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, சாதிப் பட்டமின்றியே அவர் பெயர் ஒலித்தது. அப்பட்டத்தை மீண்டும் ஒட்டவைக்க விரும்புவோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர் உயிரைக் கொடுத்து உதறியதை நாம் மாலையாக்கி அவர் கழுத்திலேயே போடுவதா?

சாரல் காலத்தில் குற்றாலப் பேரருவியின்கீழ் தோளோடு தோள் உரச நிற்பவர்கள், பக்கத்தில் நிற்பவர் என்ன சாதி என்று கேட்பதில்லை. உடலை நனைக்கும் நீரில் கேட்காத கேள்வியை, ஆன்மாவை நனைத்த நீருக்குப் பிறகும் கேட்கிறோம். செபமும் கீழ்ப்படிதலும் தியாகமும் மூன்று தனித்தனி பக்தி முயற்சிகள் அல்ல. செபத்தில் 'எங்கள்' என்று சொன்னதை வாழ்வில் ஏற்பது கீழ்ப்படிதல். அதற்குரிய விலையைக் கொடுப்பது தியாகம். விலை கொடுக்காத செபம் வெறும் ஓசை.

ஆகவே, வருகின்ற தவக்காலத்தில் புலாலை விடுபவர்கள் விடட்டும். மகனுக்குப் பெண் தேடும் விளம்பரத்தில் 'ஆர்.சி.'க்குப் பின்னால் வரும் அந்த ஒரு சொல்லை விட்டுப் பாருங்கள். எது கடினமான நோன்பு என்பது அப்போது விளங்கும்.