முதல் வரிசையில் ஒரு வெற்றிடம்

பேகம்பூர்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். சுப்ஹுக்குப் பாங்கு சொல்லும் முன்பே பள்ளிவாசலுக்கு வந்து முதல் வரிசையில் அமர்ந்துவிடுவார். நான்கு மாதங்களாக அவருடைய இடம் வெறுமையாகவே இருந்தது. நலம் விசாரிக்க வீட்டுக்குச் சென்றேன். நெடுநேரம் தயங்கியவர், வீட்டார் அடுப்படிக்குச் சென்றபின் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தம்பி, புராஸ்டேட் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் நீர் நிற்கவில்லை. ஒளுச் செய்து எழுந்தால் சொட்டுகிறது. இந்த நிலையில் அல்லாஹ்வின் வீட்டுக்கு எப்படி வருவேன்?"

மகள் வீட்டு விசேஷத்துக்கும் அவர் போகவில்லை. மதுரைக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் அடக்கி உட்கார முடியாதென்ற அச்சம். தண்ணீரையும் பாதியாகக் குறைத்துவிட்டார். இப்படி வாய்திறவாமல் வாடும் அத்தாமார்கள் நம் வீடுகளில் பலர். அவர்களுக்காகவே இம்மாதப் பக்கம்.

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஆண்களின் நீர்ப்பாதையில் இயற்கை இரண்டு பூட்டுகளை அமைத்திருக்கிறது. ஒன்று நீர்ப்பையின் கழுத்தில். மற்றொன்று புராஸ்டேட் சுரப்பிக்குக் கீழே. சுரப்பி வீங்கி வழியை அடைக்கும்போது, நீர்த்தாரை வழியாகக் கருவியைச் செலுத்திச் சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள். அப்போது மேல்பூட்டு தளர்ந்துபோகும். புற்றுநோய்க்காகச் சுரப்பியையே அகற்றினால் கீழ்ப்பூட்டு ஒன்றே முழுச்சுமையையும் தாங்க வேண்டும். இருமும்போதும் பளு தூக்கும்போதும் கசிவது அதனால்தான். பெரும்பாலோருக்கு முதல் ஓராண்டுக்குள் இது படிப்படியாகக் குறையும்.

இன்னொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகள் அடைப்பை எதிர்த்துப் போராடிய நீர்ப்பையின் தசை தடித்து, சிறிது நீர் சேர்ந்தாலே அவசரப்படுத்தும் குணத்தைப் பெற்றுவிடுகிறது. அடைப்பு நீங்கினாலும் பழகிய குணம் உடனே போவதில்லை. சதையைச் சுரண்டி எடுத்தபின் எரிச்சலும் அவசரமும் சில வாரங்கள் இருப்பது இயல்பு. மூன்று மாதங்களுக்குப் பின்னும் நீடித்தால் மீண்டும் மருத்துவரைக் காண்பது அவசியம். நீர்த்தாரை சிறுத்துக்கொண்டே வந்தால் பாதையில் தழும்பு சுருங்கியிருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தொல்லை சில ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். சிறுநீரில் இரத்தம், குளிர்காய்ச்சல், நீர் அடியோடு நின்றுபோதல் ஆகியவை கண்டால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

வீட்டில் செய்யக்கூடியவையும் உள்ளன. 1948-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல், பிரசவித்த பெண்களுக்காக ஒரு பயிற்சியை வெளியிட்டார். அதுவே இன்று ஆண்களுக்கும் கற்பிக்கப்படுகிறது. காற்றை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை உள்ளிழுத்து, ஐந்து விநாடி நிறுத்தித் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று தொழுகைகளுக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் மறவாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம், பொறுமை வேண்டும்.

தண்ணீரைக் குறைப்பது தவறு. சிறுநீர் கெட்டிப்பட்டு எரிச்சலை வளர்க்கும். தேநீர், காப்பியைக் குறைத்து, உறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு பருகுவதை நிறுத்தினால் போதும். மலச்சிக்கலுக்கு இடம் தரக்கூடாது. நீர் கழித்தபின் விதைப்பைக்குப் பின்புறமிருந்து முன்னோக்கி விரலால் மெல்ல அழுத்தினால் தங்கிய சொட்டுகள் வெளியேறும். நம் ஃபிக்ஹு நூல்கள் 'இஸ்திப்ரா' என்று சொல்லிவைத்ததையே மருத்துவர்களும் கற்பிக்கிறார்கள்! ஓராண்டுக்குப் பின்னும் கசிவு கடுமையாக இருப்பவர்களுக்குச் செயற்கைப் பூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இதற்கான சிறுநீரியல் பிரிவு இருக்கிறது.

இனி அப்பெரியவரின் கேள்விக்கு வருவோம். வஹீ எழுதியவரும், அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குர்ஆனை ஒன்றுதிரட்டிய பெரும்பணியைச் செய்தவருமான ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களுக்கு முதுமையில் இதே நோய் இருந்தது. இயன்றவரை அதற்கு மருந்து பார்த்தார்கள். அது மிஞ்சியபோது ஒளுச் செய்து தொழுதார்கள் என்று அவர்களுடைய மகனார் வழியாக அறிவிக்கப்பட்டுள்ளது. சிகிச்சையையும் விடவில்லை, தொழுகையையும் விடவில்லை.

ஷரீஅத்தில் இத்தகையோர் 'மஃதூர்' எனப்படுவர். ஒரு தொழுகை நேரம் முழுவதிலும் ஒளுவோடு ஃபர்ளைத் தொழுதுகொள்ளும் இடைவெளிகூடக் கிடைக்காதவரே ஹனஃபி மத்ஹபில் மஃதூர் ஆவார். அதன்பின் ஒவ்வொரு நேரத்திலும் ஒருமுறையேனும் கசிந்தால் அச்சலுகை நீடிக்கும். அவர் செய்யும் ஒளு, கசிவினால் முறியாமல் அந்நேரம் முடியும்வரை செல்லும். ஷாஃபிஈ மத்ஹபில், நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி ஒளுச் செய்ய வேண்டும். நீர் கழித்தபின் பத்து நிமிடம் மட்டும் கசிபவர் மஃதூர் அல்லர். அது நிற்கும்வரை பொறுத்திருந்து ஒளுச் செய்ய வேண்டும். உங்கள் நிலையை விவரமாகச் சொல்லி ஹளரத்திடம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

பள்ளிவாசல் அசுத்தமாகாதபடி பஞ்சுப் பட்டையோ டயாபரோ அணிந்து ஜமாஅத்துக்கு வரலாம். வீட்டாரும் முகம் சுளிக்காமல் உதவ வேண்டும். மகன்மார்களே, அத்தாவின் அறையைக் கழிப்பறைக்கு அருகில் மாற்றிக் கொடுங்கள்; மாற்றுக் கைலி ஒன்றை எப்போதும் எட்டும் இடத்தில் வையுங்கள். நீண்ட பயணமானால், வழியில் இறங்கி ஏற வசதி செய்யுங்கள்.

அப்பெரியவர் ஹளரத்தைச் சந்தித்தார்; மருத்துவரிடமும் மறுபடி சென்றார். கசிவு குறைந்திருக்கிறது; முற்றிலும் நிற்கவில்லை. சென்ற வாரம் மஃரிபுக்கு வந்தார். முதல் வரிசைக்கு வரவில்லை. வாயிலருகே, கடைசி வரிசையின் ஓரத்தில் நின்று தொழுதார். ஸலாம் கொடுத்தபின் பக்கத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் முஸாபஹா செய்தார்கள்.

வல்ல ரஹ்மான் நம் முதியோர் அனைவருக்கும் ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன்.