கல் கொட்டும் முன் நண்டுக் குழியை எண்ணுங்கள்

பத்மநாபபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மர அரண்மனை நினைவுக்கு வரும். கடியபட்டணம், மணவாளக்குறிச்சி, குளச்சல் தொடங்கிக் கேரள எல்லையிலுள்ள நீரோடி வரையிலான கடற்கரைக் கிராமங்களும் இந்த வருவாய்க் கோட்டத்தில்தான் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. தென்மேற்குப் பருவமழையில் கடல் சீறும்போதெல்லாம் இந்தக் கரையில் ஒரே காட்சிதான்: வீடுகள் இடிகின்றன, மக்கள் சாலைக்கு வருகிறார்கள், நிதி ஒதுக்கப்படுகிறது, கருங்கல் லாரிகள் வந்து நிற்கின்றன. எத்தனை மீட்டர் சுவர், எத்தனை தூண்டில் வளைவு என்ற கணக்கெல்லாம் கோப்பில் ஏறும். கல் விழப்போகும் இடத்தில் உயிருள்ள மணல்கரை ஒன்று இருந்ததா என்பது மட்டும் எந்தக் கோப்பிலும் வருவதில்லை. அந்தக் கேள்விக்குச் செலவே இல்லாமல் பதில் சொல்லக்கூடிய சாட்சி கரையிலேயே இருக்கிறது. குழி நண்டு என்றும் பேய் நண்டு என்றும் அழைக்கப்படும் அந்த உயிரின் வளைகளை எண்ணிப் பதிவு செய்யாமல் இனி எந்தக் கரையிலும் கல் கொட்டக் கூடாது என்பதே என் வாதம்.

இந்த நண்டை ஏன் சாட்சியாகக் கொள்ள வேண்டும் என்பதற்கு அதன் உடலமைப்பே காரணம். மீனைப் போல இதற்கும் செவுள்தான். ஆனால் வாழ்க்கை தரையில். நீரில் நெடுநேரம் மூழ்கிக் கிடந்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். செவுள் காய்ந்தாலும் சாவுதான். இதற்கு இயற்கை செய்து வைத்திருக்கும் ஏற்பாடு அபாரமானது. நடக்கும் கால்களின் அடியில், இரண்டு கால்களுக்கு இடையே, ஒரு சிறு மயிர்க்கற்றை இருக்கிறது. ஈர மணலில் நண்டு உட்கார்ந்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தக் கற்றை மணலின் ஈரத்தை இழுத்துச் செவுளுக்கு அனுப்புகிறது. வெயில் ஏறும்போது நண்டு வளைக்குள் இறங்கி, வாயை மணலால் அடைத்துக்கொள்ளும். ஈரம் தட்டும் ஆழம் வரை தோண்டும். சில வளைகள் ஒரு மீட்டருக்கும் கீழே போகின்றன. இரவில் வெளியே வந்து, அலை ஒதுக்கிய செத்த மீனையும் ஈர மணலில் புதைந்திருக்கும் சிப்பிகளையும் தின்று கரையைச் சுத்தமாக்குகிறது. முட்டை சுமக்கும் பெண் நண்டோ அலை விளிம்புக்குப் போயே ஆகவேண்டும். குஞ்சுகள் வாரக்கணக்கில் கடலில் மிதந்து வளர்ந்து ஏதோ ஒரு கரையில் ஏறுகின்றன. ஆக, மேலே காய்ந்த மணல், நடுவே ஈர மணல், கீழே அலை என மூன்றும் தடையில்லாமல் தொடர்ந்தால்தான் இந்த உயிர் பிழைக்கும். சுவர் எழுந்ததும் முதலில் காணாமல் போவது அந்த மேல் மணல்தான். ஏற்ற நேரத்தில் அலை நேராகக் கல்லில் மோதித் திரும்புகிறது. திரும்பும் வேகத்தில் அடிமணலையும் அரித்துக்கொண்டு போகிறது.

இது வெறும் ஊகமல்ல. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரைகளில் செய்து 2001-இல் வெளியான ஆய்வு, நகரமயமான கரைகளில் இந்த நண்டுகளின் வளைகள் குறைவு என்று காட்டி, வளை எண்ணிக்கையை விரைவான அளவுகோலாகவே பரிந்துரைத்தது. கலிபோர்னியாவில் சுவர் கட்டிய கரைகளில் மேல் மணலும் அதில் வாழும் சிற்றுயிர்களும், அவற்றை நம்பி வரும் பறவைகளும் குறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நம் சட்டமோ இன்னும் இதைக் காணவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அலையாத்திக் காடு, பவளப்பாறை, மணல்மேடு, ஆமை முட்டையிடும் இடம், குதிரைலாட நண்டின் வாழிடம் ஆகியவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. (குதிரைலாட நண்டு உண்மையில் நண்டே அல்ல, சிலந்திக்கும் தேளுக்கும் உறவு.) சாதாரண மணல்கரைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

நண்டுக்காக மனிதர் வீடிழப்பதா என்று கேட்பார்கள். 2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் கண்ட கரையில் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய யாருக்கும் உரிமையில்லை. வாசற்படியில் அலை அடிக்கும் வீட்டுக்குச் சுவர் வேண்டும்தான். ஆனால் சுவர் முடியும் இடத்துக்கு அடுத்த கரையைக் கடல் இன்னும் ஆழமாக அரிக்கிறது; அடுத்த ஊர் கல் கேட்கிறது; அதற்கடுத்த ஊரும் கேட்கிறது. கரைமடி இழுக்கவும் வள்ளம் ஏற்றவும் கருவாடு உலர்த்தவும் மீனவருக்குத் தேவைப்படுவது நண்டு வளை தோண்டும் அதே மேல் மணல்தான். நண்டின் நலனும் மீனவர் நலனும் இங்கே மோதவில்லை. கல் இடுக்கில் நண்டுகள் ஓடுகின்றனவே, அவை போதாதா என்று சிலர் கேட்கலாம். அவை பாறை நண்டுகள். தட்டையான உடலோடு, கூர்நகக் கால்களால் கல்லைப் பற்றிக்கொண்டு பாசி தின்பவை. அவை பெருகியிருப்பது கரை பாறையாகிவிட்டது என்பதற்கே சாட்சி.

எண்ணிக்கையை நம்பலாமா என்பதுதான் இவற்றில் கனமான கேள்வி. ஒரு குழி ஒரு நண்டு ஆகாது. சில குழிகள் காலியாக இருக்கும், மூடிய வளை கண்ணில் படாது. சுற்றுலாக்காரர் எறியும் மிச்சத் தீனியால் சில இடங்களில் நண்டு கூடவும் செய்யும். மேற்குக் கரையில் பருவமழை மணலை வாரிக்கொண்டு போய்ப் பிறகு மெல்லத் திருப்பித் தருவதால், ஜூலைக் கணக்கையும் பிப்ரவரிக் கணக்கையும் ஒப்பிட முடியாது. ஆகவே ஒரே மாதத்தில், ஒரே ஓத நிலையில், விடியற்காலையில், ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எண்ண வேண்டும். புதிதாக வெளியே தள்ளிய ஈர மண் கிடக்கும் குழிகளைத் தனியாகவும், வாய் சிதைந்த பழைய குழிகளைத் தனியாகவும் குறிக்க வேண்டும். இப்படிக் கிடைப்பது நண்டுகளின் மொத்தத் தொகையாக இருக்காது. ஆனால் ஒரு கரை தேறுகிறதா தேய்கிறதா என்பதை அது சொல்லும். முடிவெடுக்க அதுதான் தேவை.

உள்நாட்டு வாசகருக்கும் இதில் பங்குண்டு. வேளிமலையில் பிறக்கும் வள்ளியாறு கடியபட்டணம் அருகே கடலில் சேர்கிறது. பத்மநாபபுரம் புத்தனார் கால்வாய்க்கு நீர் தரும் கோதையாற்றின் குறுக்கே 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை நமக்கு நெல்லும் வாழையும் தந்தது. கூடவே ஆற்று மணலையும் தேக்கி வைத்தது. ஆற்றில் தடுத்ததும் அள்ளியதும் கரையில் குறையாமல் இருக்காது. மணவாளக்குறிச்சியில் 1911 முதல் கனிம மணல் எடுக்கப்பட்டு வருகிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் எடுக்கும் திட்டம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்திருக்கிறது. இந்த விவாதங்களில் இரு தரப்பும் மறுக்க முடியாத ஓர் அடிப்படைக் கணக்கு இன்று நம்மிடம் இல்லை.

அதை உருவாக்கப் பெரிய நிதி வேண்டாம். ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. மாவட்டத்தில் விலங்கியல் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு கயிறு, நான்கு குச்சி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, மணல் திரும்பிய பின் ஒருமுறை எண்ணி, அந்தப் பட்டியலைக் கோட்ட அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கட்டும். தடுப்புச் சுவருக்கான ஒவ்வொரு மதிப்பீட்டோடும் அந்த இடத்தின் வளைக் கணக்கு இணைக்கப்பட வேண்டும். வளைகள் நிறைந்த கரையில் கல்லுக்குப் பதிலாக மணல் நிரப்புவதையோ வேறு வழியையோ முதலில் ஆராய்ந்ததாகப் பொறியாளர் எழுத்தில் காட்டட்டும். குஞ்சுகள் கடலில் மிதந்து வருவதால், மணல் மீண்டும் சேர்ந்த கரைக்கு நண்டுகளும் திரும்பி வர வழியுண்டு; அப்படித் திரும்பினால் அதுவும் அதே நோட்டில் பதிவாகும்.